கடலிலிருந்து ஏறிவந்த மிருகங்கள்: தானியேலையும் வெளிப்படுத்தலையும் வாசிக்க ஒரு முழு வழிகாட்டி

நான் ஓய்வுநாள் பள்ளியில் படித்த காலத்தில், எங்கள் ஊருக்குக் கூட்டம் நடத்த வந்த பிரசங்கியார் ஒருவர் மேடையில் ஒரு சோப்பு உறையைத் தூக்கிக் காட்டினார். உறையின் பின்பக்கம் கறுப்புக் கோடுகள் இருக்கின்றனவே, அவற்றில் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் நீளமாக இறங்கும் கோடுகள்தான் மூன்று ஆறுகள் என்றார். ஆக 666. மிருகத்தின் முத்திரை மளிகைக் கடைக்கே வந்துவிட்டது. அன்று ராத்திரி வீட்டிலிருந்த பிஸ்கட் பாக்கெட், பற்பசை டப்பா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகும் தூக்கம் வரவில்லை.

பல வருடங்கள் கழித்து, அந்த முத்திரையும் எண்ணும் வரும் வெளிப்படுத்தல் பதின்மூன்றாம் அதிகாரத்தை நிதானமாக உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது, நாங்கள் வேதாகமத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்திருக்கிறோம் என்று. வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தலை எழுதியவர் யோவான். அதை முதலில் காதால் கேட்டவர்களுக்குப் பழைய ஏற்பாட்டின் தானியேல் நூல் தெரியும். தானியேலைக் கேட்டவர்களுக்கு ஓசியாவும் ஏசாயாவும் சங்கீதங்களும் தெரியும். ஒவ்வொரு மிருகமும் முந்தைய மிருகத்தின் தோலைப் போர்த்திக்கொண்டுதான் வருகிறது. அதனால் பழையதிலிருந்து புதியதுக்கு வர வேண்டும். அந்த வரிசையைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். கையில் ஒரு வேதாகமம், ஒரு பென்சில், ஒரு தாள் இருந்தால் போதும். இரண்டு மொழிபெயர்ப்புகள் இருந்தால் இன்னும் நல்லது.

படி 1: எந்தச் சொல் என்று பாருங்கள்

ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் 'நாட்டுமிருகங்கள்', 'காட்டுமிருகங்கள்' என்று இரண்டு வகை வரும். எபிரெயத்தில் முதலாவது பெஹேமா: ஆடு, மாடு, கழுதை மாதிரி மனிதனோடு வாழ்பவை. இரண்டாவது ஹய்யா: உயிருள்ளது, காட்டில் திரிவது. இந்தப் பெஹேமாவின் பன்மைதான் யோபு 40-இல் வரும் பிகெமோத். மாட்டைப்போல் புல் தின்னும், ஆனால் எலும்புகள் வெண்கலக் குழாய் மாதிரி. மாடுகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டினது போன்ற ஒரே மாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளிப்படுத்தலுக்கு வந்தால் கிரேக்கத்தில் மறுபடியும் இரண்டு சொற்கள். நான்காம் அதிகாரத்தில் சிங்காசனத்தைச் சுற்றி, உடம்பெல்லாம் கண்களாக நிற்கும் நால்வர் ஸோவோன், அதாவது உயிருள்ளது என்ற இனம். பதின்மூன்றாம் அதிகாரத்தில் கடலிலிருந்து எழும்புவது தேரியோன், அதாவது வேட்டையாடும் காட்டு விலங்கு. 1611-இல் வந்த ஆங்கில கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்பிவிட்டது. தமிழில் நாம் தப்பித்தோம். புராட்டஸ்டன்ட் சபைகளின் வேதாகமத்தில் 'ஜீவன்கள்', 'மிருகம்'. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் 'உயிர்கள்', 'விலங்கு'. இரண்டிலும் பிரித்தே இருக்கிறது.

ஆனால் இன்னொரு இடத்தில் தமிழ் நம்மை ஏமாற்றும். தன்னீன் என்ற எபிரெயச் சொல் ஆதியாகமம் 1:21-இல் 'மகா மச்சங்கள்'. ஏசாயா 27:1-இல் அதுவே 'வலுசர்ப்பம்'. எசேக்கியேல் 29:3-இல் பார்வோனைத் திட்டும்போது அது 'முதலை'. மூன்றும் ஒரே கடல் பூதம். தாளில் முதல் வரியாக இதைக் குறித்துவையுங்கள், பிறகு உதவும்.

படி 2: எங்கிருந்து ஏறி வருகிறது?

நெய்தல் நிலத்தோடு உறவுள்ள நமக்குக் கடல் என்றால் மீன், உப்பு, வியாபாரம். பழைய இஸ்ரவேலர் மலைநாட்டு ஆடு மேய்ப்பவர்கள், விவசாயிகள். அவர்களுக்குக் கடல் என்றால் கட்டுக்கடங்காதது, உலகத்தை மறுபடி விழுங்கக் காத்திருப்பது. வெளிப்படுத்தல் 21:1-இல் புதிய வானமும் புதிய பூமியும் வரும்போது 'சமுத்திரமும் இல்லாமற்போயிற்று' என்று ஒரு வரி வரும். கடற்கரைக்காரருக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

இந்தப் பயத்துக்கு இஸ்ரவேலைவிடப் பழைய வேர் உண்டு. 1928-இல் சிரியாவின் கடற்கரையில் உழுதுகொண்டிருந்த ஒரு விவசாயியின் கலப்பை பழைய கல்லறை ஒன்றின்மேல் முட்டியது. மறுவருடம் அகழாய்வு தொடங்கியது. பக்கத்திலிருந்த ராஸ் ஷம்ரா என்ற மேட்டில் வெளிப்பட்டது உகரித் என்ற பட்டணம். அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் லோத்தான் என்றொரு நெளியும் பாம்பைப் பாகால் தெய்வம் வென்றதாகப் பாடியிருக்கிறார்கள். அதற்கு ஏழு தலை. இப்போது ஏசாயா 27:1-ஐ எடுங்கள்: 'லிவியாதான் என்னும் நீண்ட பாம்பை, லிவியாதான் என்னும் கோணலான சர்ப்பத்தை' கர்த்தர் தண்டிப்பார். சங்கீதம் 74:14-இல் லிவியாதானின் தலைகள் நருக்கப்படுகின்றன, பன்மையில். ஊரெல்லாம் பாடிய பழைய பாட்டை எடுத்து, வென்றவரின் பெயரை மட்டும் மாற்றிப் பாடியிருக்கிறார்கள்.

பயமுறுத்தும் பூதம் எல்லா இடத்திலும் பயமுறுத்துவதும் இல்லை. சங்கீதம் 104-இல் அதே லிவியாதான் கடலில் விளையாடுகிறது. யோபு 41-இல் கடவுள் அதைத் தூண்டிலால் பிடிக்க முடியுமா என்று கேட்டு ஒரு முழு அதிகாரமே அதைப் புகழ்கிறார். ஆகவே மிருகம் என்றாலே சாத்தான் என்று தாளில் எழுதிவிடாதீர்கள். ஏதேன் தோட்டத்துப் பாம்பைக்கூட ஆதியாகமம் தந்திரமுள்ள ஒரு காட்டுப் பிராணி என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அதையும் சாத்தானையும் வெளிப்படையாக ஒரே வரியில் சேர்ப்பது வெளிப்படுத்தல் 12:9.

படி 3: விடையை அதே நூலில் தேடுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். தானியேல் 7-இல் நாலு காற்றும் பெருங்கடலில் அடிக்க, நாலு மிருகங்கள் ஏறி வருகின்றன. கழுகுச் செட்டையுள்ள சிங்கம். ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்று, வாயில் மூன்று விலா எலும்புகளைக் கவ்விய கரடி. நாலு செட்டையும் நாலு தலையும் உள்ள சிறுத்தை. நாலாவதற்கு எந்த மிருகத்தின் பெயரும் இல்லை. இருப்புப்பல்லும் பத்துக் கொம்பும்தான். தானியேலுக்கே அர்த்தம் புரியவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் கேட்கிறார். பதினேழாம் வசனத்தில் பதில் வருகிறது: நாலு மிருகம், நாலு ராஜாக்கள். இருபத்துமூன்றில் நாலாவது மிருகம் நாலாம் ராஜ்யம். எட்டாம் அதிகாரம் பெயரே சொல்லிவிடுகிறது: ஆட்டுக்கடாவின் இரண்டு கொம்பு மேதியா, பெர்சியா ராஜாக்கள், வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜா.

சரி, ஏன் இந்த மிருகங்கள்? ஓசியா 13:7-8-ஐத் திறந்தால் சிங்கம், சிறுத்தை, குட்டியைப் பறிகொடுத்த கரடி, காட்டுமிருகம் என்று அதே கூட்டம் நிற்கும். பாலஸ்தீன மலைகளில் மேய்ப்பன் நிஜமாகவே பயந்த விலங்குகள் இவை. செட்டையும் கூடுதல் தலையும் பாபிலோன், அசீரியா பக்கத்துச் சிற்ப வழக்கு. அசீரிய அரண்மனை வாசல்களில் நின்ற, செட்டை முளைத்த மனிதத்தலைக் காளைகளை இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்க்கலாம்.

முதல் மிருகத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். சிங்கத்தின் இறகுகள் பிடுங்கப்படுகின்றன, அது தூக்கி நிறுத்தப்பட்டு இரண்டு காலில் நிற்கிறது, 'மனுஷ இருதயம் அதற்குக் கொடுக்கப்பட்டது'. மூன்று அதிகாரம் முன்னால் போனால் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் மாட்டைப்போல் புல்லைத் தின்றுகொண்டிருக்கிறான். அவனுக்கு மனுஷ இருதயம் மாறி 'மிருக இருதயம்' கொடுக்கப்பட்டிருந்தது. ராஜா மிருகமாகிறான்; மிருகம் மறுபடி நிமிர்ந்து மனிதனாகிறது. நூலின் ஆரம்பத்திலிருந்து தானியேல் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான்: அதிகாரம் கையில் வந்தவன் மனுஷனாகவே இருப்பானா? பதின்மூன்றாம் வசனத்தில் மிருகங்களுக்குப் பிறகு மேகங்களோடு வருபவர் யார் என்று பாருங்கள். 'மனுஷகுமாரனுடைய சாயலான ஒருவர்.' கடலிலிருந்து வந்தவை மிருக முகம், வானத்திலிருந்து வருவது மனித முகம். அவர் இஸ்ரவேல் மக்களின் உருவகம் என்றும் மேசியா என்றும் யூதர்கள் இரண்டு விதமாக வாசித்திருக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் இயேசு என்கிறார்கள்.

படி 4: முதலில் கேட்டவர்கள் யார்?

நாலு ராஜ்யங்கள் எவை என்பதில் பழைய தகராறு ஒன்று உண்டு. மரபாகச் சொல்லப்படும் வரிசை பாபிலோன், மேதிய-பெர்சியா, கிரேக்கம், ரோமாபுரி. இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் சொல்வது பாபிலோன், மேதியா, பெர்சியா, கிரேக்கம். மரபு வரிசைக்குச் சாதகமாக ஒரு நல்ல சாட்சி இருக்கிறது: எட்டாம் அதிகாரம் மேதியாவையும் பெர்சியாவையும் ஒரே ஆட்டுக்கடாவாகக் கட்டியிருக்கிறது. ஆய்வாளர் பக்கம் இருப்பது நாலாவது மிருகத்தின் பத்துக் கொம்புகளுக்கு நடுவே முளைக்கும் ஒரு சின்னக் கொம்பு.

'பெருமையானவைகளைப் பேசும் வாய்' உள்ள அந்தக் கொம்பை அவர்கள் நாலாம் அந்தியோகஸ் என்கிறார்கள், சிரியாவை ஆண்ட செலூக்கியர் என்ற கிரேக்க வம்சத்து அரசன். அவன் தன் நாணயங்களில் 'தெய்வமாக வெளிப்பட்டவர்' என்று அச்சடித்துக்கொண்டவன். கி.மு. 167-இல் எருசலேம் தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தி, விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் தடை செய்தான். கி.மு. 164-இல் மக்கபேயர்கள் என்ற யூதக் கிளர்ச்சியாளர்கள் ஆலயத்தை மீட்டுச் சுத்திகரித்தார்கள். யூதர்களின் ஹனுக்கா பண்டிகை அதன் நினைவு. அந்தக் கொம்பின் அட்டகாசத்துக்குத் தானியேல் 7:25 தரும் கெடு, 'ஒரு காலமும், காலங்களும், அரைக்காலமும்', மூன்றரை வருடக் கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள், ரொம்ப நாள் இல்லை என்று அர்த்தம். எனக்கு ஆய்வாளர் பக்கம்தான் சாய்வு. ஆனால் மரபு வரிசையில் நிற்பவர்களும் அந்த அதிகாரத்தின் சாரத்தைத் தவறவிடுவதில்லை.

அர்த்தம் அங்கேயே உறைந்துவிடவும் இல்லை. கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேமை இடித்த பிறகு எழுதப்பட்ட நாலாம் எஸ்றா என்ற யூத நூலில் ஒரு கழுகு கடலிலிருந்து எழும்பும். உன் சகோதரன் தானியேல் கண்ட நாலாம் ராஜ்யம்தான் இது, ஆனால் உனக்கு விளக்குவது போல அவனுக்கு விளக்கப்படவில்லை என்று அங்கே சொல்லப்படுகிறது. முந்தைய விளக்கத்தை மரியாதையோடு ஓரமாக வைத்துவிட்டு, மிருகத்துக்கு ரோமாபுரி என்று புதுப் பெயர் சூட்டுகிறார்கள்.

படி 5: தலைகளைக் கூட்டுங்கள்

இப்போது பென்சிலுக்கு வேலை. தானியேலின் மிருகங்களை வரிசையாக எழுதி, தலைகளைக் கூட்டுங்கள். சிங்கம் 1, கரடி 1, சிறுத்தை 4, பெயரில்லாதது 1. மொத்தம் 7. கொம்புகள் நாலாவதுக்கு மட்டும், 10.

வெளிப்படுத்தல் 13:1: 'ஏழு தலைகளும் பத்துக் கொம்புகளும் இருந்தன.' இரண்டாம் வசனம்: உடம்பு சிறுத்தை, கால்கள் கரடி, வாய் சிங்கம். தானியேல் சிங்கம், கரடி, சிறுத்தை என்று முன்னோக்கிப் பார்த்ததை யோவான் திரும்பி நின்று பின்னோக்கிப் பார்ப்பது போல வரிசை தலைகீழ். நாலு சாம்ராஜ்யங்களையும் ஒரே உடம்பில் தைத்திருக்கிறார். ஏழு தலை லோத்தான் வரைக்கும் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த உடம்பு யாருடையது? பதினேழாம் அதிகாரத்தில் ஒன்பதாம் வசனமே ஏழு தலைகள் ஏழு மலைகள் என்கிறது. கி.பி. 71-இல் ரோமப் பேரரசன் வெஸ்பாசியன் வெளியிட்ட ஒரு நாணயத்தில் ரோமா தேவி ஏழு குன்றுகளின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அதைக் கையில் வைத்துக் காய்கறி வாங்கியவருக்கு யோவானின் குறிப்பு விளங்க வேறு விளக்கவுரை வேண்டியதில்லை.

பூமியிலிருந்து ஏறும் இரண்டாவது மிருகத்தைக் கவனியுங்கள். ஆட்டுக்குட்டி மாதிரி இரண்டு கொம்பு, பேச்சு வலுசர்ப்பத்தின் பேச்சு. கடலுக்கு லிவியாதான், நிலத்துக்குப் பிகெமோத் என்று யூத மரபு ஏற்கெனவே பங்கு பிரித்திருந்தது. யோவான் அதே ஜோடியை எடுத்து, ஒன்றை ரோமாபுரியாகவும் மற்றதை ஆசியா என்ற ரோம மாகாணத்தில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) அதற்குச் சிலை வைத்து வணங்கச் சொன்ன உள்ளூர்ப் பெரிய மனிதர்களாகவும் ஆக்கிவிட்டார் என்று பலரும் வாசிக்கிறார்கள். அந்த மாகாணத்துப் பெர்கமு பட்டணத்தில் பேரரசன் அகஸ்துவுக்கும் ரோமா தேவிக்கும் கி.மு. 29-லேயே கோயில் அனுமதி வாங்கியிருந்தார்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது மிருகம்தான் இன்னும் ஆபத்தானது. முதலாவது தூரத்தில் இருக்கும். இது பக்கத்துத் தெருக்காரர்.

படி 6: 666-ஐக் கையால் போட்டுப் பாருங்கள்

எழுத்தே எண்ணாக நிற்கும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. பழைய ஓலைக் கணக்கில் க 1, உ 2, ய 10, ள 100. எபிரெயத்திலும் அப்படித்தான், இருபத்திரண்டு எழுத்துக்கும் மதிப்பு உண்டு. அதனால் எந்தப் பெயரையும் கூட்டி ஒரு தொகை சொல்லலாம். இத்தாலியின் பழைய ரோம நகரமான பொம்பெயியின் சுவர்க் கிறுக்கல் ஒன்றில் ஒருவன், எவள் பெயரின் எண் 545-ஓ அவளை நான் காதலிக்கிறேன் என்று கிரேக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். ஊருக்குத் தெரியாமல் சொல்ல வசதியான முறை.

'புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன்' என்றும் 'மனுஷனுடைய இலக்கம்' என்றும் யோவான் எழுதியிருப்பதால், ஒரு பெயரைக் கூட்டச் சொல்கிறார் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். 'நேரோன் கெசர்', அதாவது ரோமப் பேரரசன் நீரோ, என்பதை எபிரெய எழுத்தில் எழுதுங்கள்:

நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50. இது 306.
கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. இது 360.
இரண்டும் சேர்ந்தால் 666.

கெசர் என்பதற்கு இன்னொரு எழுத்துச் சேர்த்தும் எழுதலாமே, வசதிக்கு விட்டுவிட்டீர்களா என்று சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் யூதேயப் பாலைவனத்தில் முரப்பாத் குகையில் கிடைத்த ஒரு கடன் சீட்டு நீரோவின் இரண்டாம் ஆட்சி வருடத்தில் எழுதப்பட்டது. அதில் பெயர் இந்த எழுத்துகளோடுதான் இருக்கிறது.

இன்னொரு சாட்சி. பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் எண் 666 இல்லை, 616. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஒன்றிலும் அப்படித்தான். லத்தீன் வழக்கப்படி கடைசி 'ன்' இல்லாமல் நீரோ என்று எழுதினால் 50 குறையும். 616. இரண்டு எண்களுக்கும் ஒரே பெயர் பொருந்துவது தற்செயல் என்று சொல்லக் கஷ்டம்.

நீரோ கி.பி. 68-இல் தற்கொலை செய்துகொண்டான். சாகவில்லை, திரும்பி வருவான் என்று கிழக்கு மாகாணங்களில் வதந்தி. நான்தான் நீரோ என்று சிலர் கிளம்பியும் வந்தார்கள். சாவுக்கேதுவான காயம் ஆறிய தலை (13:3) அந்த வதந்தியைத் தொட்டு எழுதியது என்பது பரவலான கருத்து. வெளிப்படுத்தல் எழுதப்பட்டது ஏறக்குறைய கி.பி. 95, பேரரசன் தொமித்தியான் காலம் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பெயரைக் கூட்டும் விளையாட்டு கிறுகிறுக்க வைக்கும். மொழியை மாற்றி, எழுத்தை விட்டு, பட்டத்தைச் சேர்த்தால் யாரை வேண்டுமானாலும் 666 ஆக்கலாம். போப்பாண்டவர்கள், லூத்தர், நெப்போலியன் எல்லோரும் ஆகியிருக்கிறார்கள். லூத்தர் மொழிபெயர்த்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் 1522 செப்டம்பர் பதிப்பில், ஓவியர் கிரானாக் பட்டறையின் மரச்செதுக்குப் படங்கள் மிருகத்தின்மேல் ஏறிவரும் பாபிலோன் ஸ்திரீக்குப் போப்பின் மூன்றடுக்குக் கிரீடத்தையே சூட்டியிருந்தன. டிசம்பர் பதிப்பில் கிரீடத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று.

படி 7: எதிரே நிற்பவரைப் பாருங்கள்

முத்திரைக்குப் பயந்து பதின்மூன்றாம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடுவோம். அடுத்த வசனத்தைப் படிப்பதில்லை. 14:1-இல் ஆட்டுக்குட்டியோடு நிற்பவர்களின் நெற்றியிலும் பெயர் எழுதியிருக்கிறது. அதிகாரப் பிரிவு பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த ஏற்பாடு. யோவான் நடுவில் கோடு போடவில்லை. கையிலும் நெற்றியிலும் அடையாளம் என்பதே உபாகமம் 6:8-இல் வருவது. யூதர்கள் இன்றும் ஜெபத்தில் கட்டும் தெஃபிலின் என்ற சிறு தோல் பெட்டிகள் அதைத்தான் செய்கின்றன. நீ யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அந்த இடத்தில் பதில் எழுதப்படும். சோப்பு உறையில் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று மொழிபெயர்ப்பில் மறைந்து கிடக்கிறது. 5:5-இல் யோவான் காதில் விழுவது 'யூதா கோத்திரத்துச் சிங்கம்'. திரும்பிப் பார்த்தால் நிற்பது 'அடிக்கப்பட்டவண்ணமாயிருக்கிற' ஆட்டுக்குட்டி. கிரேக்கத்தில் அந்த 'அடிக்கப்பட்டவண்ணம்' என்ற சொல்தான் 13:3-இல் மிருகத்தின் காயம்பட்ட தலைக்கும் வருகிறது. தமிழில் ஒன்று 'அடிக்கப்பட்ட', மற்றது 'காயப்பட்டிருக்க' என்று வேறாகிவிட்டது. ஆட்டுக்குட்டிக்கும் கொம்புகள் உண்டு, மிருகத்துக்கும் உண்டு. அதற்கும் சாவுக் காயம், இதற்கும் சாவுக் காயம். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி வேண்டுமென்றே வரைந்திருக்கிறார். இரண்டு வசனங்களுக்கும் இடையில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து வையுங்கள்.

படி 8: யூதர்கள் பிறகு என்ன செய்தார்கள்?

நம்மில் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. லேவியராகமம் 11-இல் தின்னக்கூடாத நாலு பிராணிகள் வருமே, அவற்றையும் ரபிகள் என்ற யூத போதகர்கள் நாலு ராஜ்யங்களாக்கினார்கள். லேவியராகம ரப்பா என்ற மிட்ராஷில், அதாவது பழைய யூத வேத விளக்க நூலில், ஒட்டகம் பாபிலோன், குழிமுசல் மேதியா, முயல் கிரேக்கம், பன்றி ஏதோம், அதாவது ரோமாபுரி. பன்றிக்குச் சொல்லும் காரணம் அருமை. அது படுக்கும்போது, சுத்தமான பிராணிக்கு அடையாளமான விரிந்த குளம்பை முன்னால் நீட்டி, பார், நான் சுத்தமானவன் என்று காட்டுமாம். நியாயாசனம் போட்டு உட்கார்ந்துகொண்டே கொள்ளையடிக்கும் அரசு அப்படித்தான் என்கிறார்கள்.

லிவியாதானின் முடிவையும் அவர்கள் வேறு மாதிரி எழுதினார்கள். ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதில் பாபா பத்ரா என்ற பகுதி சொல்கிறது: கடவுள் பெண் லிவியாதானைக் கொன்று உப்புப் போட்டு வைத்திருக்கிறார், கடைசி நாளில் நீதிமான்களுக்கு விருந்து. அதன் தோலில் அவர்களுக்குப் பந்தல். அத்தனை அதிகாரங்களில் ஊரை மிரட்டிய பூதம் கடைசியில் கருவாடு.

மிலானில் அம்புரோசியன் நூலகத்தில் 1236-38-இல் தென் ஜெர்மனியில் எழுதிய ஓர் எபிரெய வேதாகமம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில் மேலே மூன்று பூதங்கள்: கடலுக்கு லிவியாதான், நிலத்துக்குப் பிகெமோத், வானத்துக்கு ஸீஸ் என்ற பறவை. கீழே மரத்தடியில் அந்த விருந்து. நீதிமான்கள் கிரீடம் வைத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் வாத்தியக்காரர்கள். ஓவியர் அவர்களுக்கு மனித முகம் வரையவில்லை. ஒருவருக்குக் காளைத்தலை, ஒருவருக்குச் சிங்கத்தலை, ஒருவருக்குக் கழுகின் அலகு.